முதல் துண்டு

மீனின் மேல் பழப்பாகு தடவிச் சமைப்பார்கள் என்பது அறுபத்து நான்கு வயதில்தான் எனக்குத் தெரியவந்தது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரை ஒட்டிய பர்னபி நகரத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்தேன். அந்த நாட்டில் அக்டோபரின் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி சொல்லும் நாள். விளைந்தது வீடு வந்து சேர்ந்ததற்காக வைத்துக்கொண்ட விருந்து. நாம் தையில் செய்வதை அவர்கள் பனிக்காலம் தொடங்குமுன் செய்துவிடுகிறார்கள். பெரும்பாலான வீடுகளில் அன்று வான்கோழி. மகள் வீட்டில் சால்மன்.

“கிரான்பெர்ரிப் பழத்தைக் காய்ச்சி, மேப்பிள் பாகு சேர்த்து, மீன் மேல தடவி வேகவைக்கப் போறேன். சாப்பிடுறது உங்க விருப்பம்ப்பா. சமைக்கிறப்ப கூட நில்லுங்க, அது போதும்” என்றாள்.

நான் மீன் சாப்பிட்டு அப்போது ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. விரதம் என்று எதுவும் எடுக்கவில்லை. யாருக்கும் வாக்குக் கொடுக்கவும் இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான். மகளுக்கு அது தெரியும். அவள் குரலில் இருந்த கவனத்துக்குக் காரணம் அதுதான்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்னதாக, சனிக்கிழமையன்று, அவளும் மருமகனும் என்னை, சால்மன்கள் முட்டையிட வரும் ஆடம்ஸ் ஆற்றுக்கு அழைத்துப் போனார்கள். பிரேசர் ஆற்றின் மலையிடுக்கை ஒட்டியே சாலை ஏறுகிறது. வழியில் ஹெல்ஸ் கேட் என்று ஓர் இடம். அவ்வளவு பெரிய ஆறு அங்கே ஏறக்குறைய முப்பத்தைந்து மீட்டராக ஒடுங்கி, இரு பாறைச் சுவர்களுக்கு நடுவே உலை கொதிப்பது போல் ஓடுகிறது. 1913, 1914ஆம் ஆண்டுகளில் ரயில் பாதை வேலையின்போது பாறைகள் சரிந்து அந்த இடுக்கில் விழுந்தன. முட்டையிட மேலே போக வேண்டிய சால்மன்கள் ஏற முடியாமல் மோதி மோதி மடிந்தன. ஆற்றை நம்பியிருந்த பழங்குடி மக்களின் வீடுகளில் பஞ்சம் புகுந்தது. மீன்கள் ஏறிப்போகப் படிவழி கட்டி முடித்தது 1940களின் நடுவில். அடைத்த வழியைத் திறந்துவிட மனிதனுக்கு முப்பது ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

ஆடம்ஸ் ஆற்றங்கரைப் பூங்காவுக்கு 2018இல் பழங்குடி மொழியிலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஆறுகள் என்று பொருளாம். வண்டியை விட்டு இறங்கியதுமே வாடை வந்தது. இறந்த மீனின் வாடை. சுற்றி நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அது ஊர் வாடை.

பலகைப் பாதையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தேன். தண்ணீர் முழுக்கச் சிவப்பு. குங்குமச் சிவப்பு உடலும் பாசிப்பச்சைத் தலையுமாக ஆயிரக்கணக்கில் சாக்ஐ சால்மன்கள், நீரோட்டத்துக்கு எதிராக முகம் வைத்து, நின்ற இடத்திலேயே நீந்திக்கொண்டிருந்தன. கடலில் இருக்கும்போது இவை வெள்ளி நிறம். ஆற்றுக்குள் நுழைந்த பிறகு இரை எடுப்பதில்லை. ஏறக்குறைய 500 கிலோமீட்டர், எதிர்நீச்சல், பட்டினி. தன் கொழுப்பையும் தசையையும் கரைத்துத்தான் வந்து சேர வேண்டும். சதையில் இருக்கும் செந்நிறத்தைக்கூட உடம்பு மெல்ல எடுத்துத் தோலுக்கும் முட்டைக்கும் கொடுத்துவிடுகிறது. கரை வந்து சேரும்போது உள்ளே வெளுத்து, வெளியே சிவந்திருக்கும்.

எங்களுக்கு நேர் கீழே ஒரு பெண்மீன். ஒருக்களித்துப் படுத்து வாலால் அடித்தது. கூழாங்கற்கள் புரண்டன. கொஞ்சம் ஓய்ந்தது. மறுபடியும் அடித்தது. வால் துடுப்பின் தோல் தேய்ந்து நார் நாராக வெள்ளையாகத் தெரிந்தது. அப்படித் தோண்டிய குழியில் முட்டையிட்டு, ஓரடி மேலே போய் அடுத்த குழியைத் தோண்டும். அங்கிருந்து புரளும் கற்கள் முந்தைய குழியை மூடிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான முட்டைகள். இட்டு முடித்ததும் உடம்பில் மிச்சம் இருக்கும் நாட்களுக்கு அந்த இடத்திலேயே காவல் நிற்கும். பிறகு நீரோட்டம் அதைக் கொண்டுபோய்விடும். தன் பிள்ளை எதையும் அது பார்ப்பதில்லை.

பிள்ளைகள் வசந்தத்தில் வெளிவந்து, பக்கத்து ஷுஸ்வாப் ஏரியில் ஓராண்டு வளர்ந்து, கடலுக்குப் போய்விடுகின்றன. நான்காவது வயதில், பிறந்த தண்ணீரின் மணத்தைப் பிடித்துக்கொண்டு இதே ஆற்றுக்குத் திரும்புகின்றன. ஒரு தாயின் முட்டைகளில் திரும்பி வருபவை விரல் விட்டு எண்ணும் அளவு. நடுவில் செத்தவை எல்லாம் வீண் என்று நினைத்தேன். கரையில் கிடந்த மீனைக் கழுகு கொத்திக்கொண்டிருந்தது. கரடி காட்டுக்குள் இழுத்துப் போட்டுவிட்டு வரும் மீன் அங்கேயே மட்கி, மரத்தின் வேருக்குப் போகிறது. கடலிலிருந்து வந்த நைட்ரஜனை ஆற்றோரத்து மரங்களில் ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். மலை நாட்டில் நிற்கும் மரம் கடலைச் சாப்பிட்டு வளர்கிறது. ஏரியில் வளரும் குஞ்சுகள் தின்னும் நுண்ணுயிர்களும் அந்த உடல்கள் கரைந்த தண்ணீரில் வளர்ந்தவை. பார்க்காத பிள்ளைக்கு அந்தத் தாய் சோறு வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறது.

வண்டியில் திரும்பும்போது மருமகன் ஒன்று சொன்னார். கனடாவின் மேற்குக் கரைப் பழங்குடி மக்கள் பலரிடம் ஒரு சடங்கு உண்டாம். பருவத்தின் முதல் சால்மன் கிடைத்ததும் அதை விருந்தாளி போல வரவேற்பார்கள். மரியாதையோடு சமைத்து, ஊர் முழுவதும் ஆளுக்கொரு வாய் பகிர்ந்துகொள்வார்கள். எலும்பை ஆற்றிலேயே திருப்பி விடுவார்கள். அது போய்த் தன் இனத்தாரிடம், இந்த மனிதர்கள் என்னை நன்றாக நடத்தினார்கள் என்று சொல்லுமாம். அப்போதுதான் மற்றவை வருமாம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்தக் கதை எனக்குத் தெரியும். வேறு கடற்கரையில், வேறு பெயரில்.

நாகையின் நுளைப்பாடியில் வாழ்ந்த பரதவர் தலைவர் அதிபத்தர், அறுபத்து மூவரில் ஒருவர். வலையில் விழும் மீன்களில் ஒன்றைச் சிவனுக்கு என்று கடலிலேயே விட்டுவிடுவார். ஒரே மீன் சிக்கிய நாட்களிலும் அந்த ஒன்றை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். வீடு பசியில் வாடியது. கடைசியில் ஒருநாள் விழுந்தது பொன் மீன். அதையும் விட்டார். சேக்கிழார் சொல்லும் இந்தக் கதையை வைத்து எங்கள் ஊரில் ஆவணி மாதத்தில் தங்கமீனைக் கடலில் விடும் விழா இன்றும் நடக்கிறது.

அம்மா மீன் ஆயும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வார். அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து, செதிலைச் சீவிக்கொண்டே சொல்வார். எங்களுக்கு மீன் கொண்டுவந்தவர் ஒரு கூடைக்கார அக்கா. வெயில் ஏறும் நேரத்தில் கூடையை இறக்கித் திண்ணையில் உட்காருவார். அம்மா செம்பில் தண்ணீர் கொடுப்பார். கடைசி வீடு எங்களுடையது என்பதால் அக்காவுக்கு அவசரம் இருக்காது. இருவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா மீனை ஆய்ந்து, மசாலா தடவி, கல்லில் போட்டுவிடுவார். வெந்த முதல் துண்டு இலைக்கிழிசலில் வைத்து அக்காவுக்குப் போகும். பிறகுதான் எங்களுக்கு.

“ஏம்மா, மீனே அவங்க கொண்டாந்ததுதானே?” என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன்.

“அதனாலதான்டா” என்றார் அம்மா. வேறு விளக்கம் சொல்லவில்லை.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா காலையிலேயே மசாலா அரைத்துக் கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தார். எங்கள் தெரு வரை சுனாமித் தண்ணீர் வரவில்லை. கடற்கரைப் பக்கம் குப்பங்கள் இருந்த இடம் தெரியவில்லை. மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அக்கா வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கிண்ணத்து மசாலா மூன்றாம் நாள் பூத்துப்போனது. அம்மா அதைத் தூக்கிக் கொட்டவும் மனமில்லாமல் அடுப்படி மூலையிலேயே வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு மீன் இறங்கவில்லை. பல வீடுகளில் அப்போது மீன் வாங்கவில்லை. மெல்ல எல்லோரும் திரும்பினார்கள். திரும்பித்தான் ஆக வேண்டும், கடலை நம்பியவர்கள் பிழைக்க வேண்டுமே. நான் மட்டும் நின்றுவிட்டேன். அக்காவுக்குச் செய்யும் மரியாதை என்று உள்ளுக்குள் ஒரு பெயரும் வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பிற்பகல். மகள் சாக்ஐ சால்மனை நீளவாக்கில் அரிந்த பாளமாக வாங்கி வைத்திருந்தாள். இது ஆற்றில் முட்டையிடப் போனதில்லை, கடலில் பிடிபட்டது. செம்பருத்தி இதழின் சிவப்பு. கடலில் அது தின்னும் சிறு இறால் இனங்கள் கொடுத்த நிறம்.

“முள் எடுத்துத் தர்றீங்களாப்பா?”

சிறிய இடுக்கியைக் கையில் கொடுத்தாள். பாளத்தின் நடுவே, தலைப்பக்கத்திலிருந்து பாதி தூரம் வரை, கண்ணுக்குத் தெரியாமல் வரிசையாக முட்கள் நிற்கும். விரல் நுனியால் எதிர்த்தடவினால் நெருடும். நெருடிய இடத்தில் இரண்டு விரலால் சதையை அழுத்திக்கொண்டு, முள் சாய்ந்திருக்கும் பக்கமாகவே இழுத்தால் சதை கிழியாமல் வந்துவிடும். நேராக இழுத்தால் பிய்யும். ஒன்று, இரண்டு என்று எடுத்து ஒரு காகிதத்தில் வைத்தேன். கை தன் வேலையை மறக்கவில்லை. பதினெட்டு வருடம் மறுத்தவன் நான்தான், விரல்கள் அல்ல என்று தெரிந்தது.

மகள் மீனைக் காகிதத்தால் ஒற்றி ஈரம் எடுத்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி ஒதுக்கி வைத்தாள். அடுப்பில் சிறிய பாத்திரம். அதில் இரண்டு கைப்பிடி கிரான்பெர்ரி. களாக்காயைப் போல உருண்டு சிவந்த பழம். வாயில் போட்டால் புளிப்பும் துவர்ப்பும் கண்ணை மூடவைக்கும். வான்கூவருக்குத் தெற்கே, பிரேசர் ஆற்றின் கழிமுகத்தில் இருக்கும் ரிச்மண்டில் இது விளைகிறது. அறுவடைக்கு வயலில் தண்ணீரைப் பாய்ச்சிச் செடியைக் கலக்கிவிடுகிறார்கள். பழத்துக்குள்ளே காற்றறைகள் இருப்பதால் அத்தனையும் மேலே மிதந்து வந்துவிடும். வயல் சிவந்த குளமாகும். சனிக்கிழமை பார்த்த ஆற்றின் தண்ணீர் பிரேசரில் கலந்து வந்து சேரும் இடத்தில்தான் இந்தப் பழமும் விளைந்திருக்கிறது.

அரை ஆரஞ்சின் சாறு, தட்டிய இஞ்சி, மூன்று கரண்டி மேப்பிள் பாகு, ஒரு சிட்டிகை உப்பு. சூடு ஏறியதும் பழங்கள் கடுகு போலப் படபடவென்று வெடித்தன. மேப்பிள் மரத்தில் துளையிட்டு வடிக்கும் சாறு தண்ணீர் போலத்தான் இருக்குமாம். சுமார் நாற்பது லிட்டர் காய்ந்து வற்றினால் ஒரு லிட்டர் பாகு. பதநீர் கருப்பட்டியாவதை அறிந்தவனுக்கு அந்த அடுப்பின் பொறுமை புரியும். பத்து நிமிடத்தில் பழம் குழைந்து, கரண்டியின் பின்புறம் ஒட்டும் பதத்துக்கு வந்தது. மகள் பார்க்காதபோது ஒரு துளி மிளகாய்த்தூள் சேர்த்தேன்.

“பார்த்துட்டேன்ப்பா” என்றாள், திரும்பாமலே.

மீனுக்கு இனிப்பா என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருந்தது. அப்போதுதான் கண்ணப்பர் நினைவுக்கு வந்தார். காளத்தி மலையில் வேட்டையிறைச்சியைத் தீயில் பதமாக்கி, தன் வாயில் வைத்துச் சுவை பார்த்து, தேன் பிழிந்து கலந்து எடுத்துப்போனவர். நேற்றையதை விட இது நன்றாக இருக்கிறது, தேன் சேர்ந்ததால் தித்திக்கும் என்று கடவுளுக்கே எடுத்துச் சொன்னவர். ஆகமம் அறிந்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறினார். கண்ணப்பருக்குத் தெரிந்த முறை ஒன்றே ஒன்று: தனக்குப் பிடித்தவருக்கு, தன்னால் முடிந்ததில் நல்லதைச் செய்து தருவது. புலால் மறுத்த அருளாளர்களை வணங்கும் நம் மரபுதான் இந்த வேடரையும் அந்தப் பரதவரையும் அதே வரிசையில் வைத்து வணங்குகிறது. உண்பதா மறுப்பதா என்பதில் ஒவ்வொருவரின் மனமும் அவரவருக்குக் காவல். எதையும் கொடுக்காமல் உண்ணலாம் என்று மட்டும் இவர்களில் யாரும் சொன்னதில்லை.

ஓவனை 200 டிகிரிக்குச் சூடாக்கி, தோல் அடியில் இருக்குமாறு மீனை உள்ளே வைத்தாள். பாகு கிண்ணத்திலேயே இருந்தது.

“தடவலையாம்மா?”

“இப்பவே தடவினா சர்க்கரை கருகிடும்ப்பா. மீன் வெந்திருக்காது, மேல கசக்கும். கொஞ்சம் பொறுங்க.”

எட்டு நிமிடம் கழித்து வெளியே எடுத்தாள். சதை ஓரங்களில் நிறம் வெளிறி, நடுவில் மட்டும் பளபளத்தது. பிரஷ்ஷால் பாகைப் பூசினாள். ஒருமுறை, மேலும் ஒருமுறை. மறுபடி உள்ளே, நான்கு நிமிடம். இதற்கு மேல் விட்டால் வெள்ளை வெள்ளையாகக் கசிந்து, மீன் வறண்டுவிடுமாம். சாக்ஐயில் கொழுப்பு குறைவு, வளர்ப்பு சால்மனைப் போல மன்னிக்காது என்றாள். முள்கரண்டியின் நுனியால் தொட்டாள். அடுக்கு அடுக்காகப் பிரிந்தது. மேலே மெல்லிய செந்நிறக் கண்ணாடி போலப் பாகு மின்னியது.

துக்கத்தில் இருந்தவர்களிடம் போய் நான் சொன்ன ஆறுதல்கள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. 2005ஆம் ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்ல வார்த்தைகள்தான். நேரம் வருமுன் தடவிய இனிப்பு. கேட்டவர்களுக்குக் கசந்திருக்கும்.

மகள் தட்டுகளை எடுத்தாள். நான் ஓரத்துண்டை விட்டுவிட்டு, நடுத்துண்டை வெட்டி ஒரு சிறிய தட்டில் வைத்தேன். கொஞ்சம் சோறும் வைத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டில் தனியாக ஒரு சீனத்துப் பாட்டி இருக்கிறார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு என் மொழி தெரியாது. காலையில் குப்பைத்தொட்டி தள்ளும்போது தலையசைத்துக்கொள்வோம். தட்டை மூடிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். பாட்டி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இரு கையாலும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதே தட்டில் இரண்டு பேரிக்காய்கள். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்பது அங்கேயும் உண்டு போலும்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முதல் வாய் எடுத்தேன். புளிப்பு முதலில் வந்தது, பிறகு இனிப்பு, அடியில் கடல். என் மிளகாய்த்தூளும் கடைசியாக எட்டிப் பார்த்தது. தொண்டை கொஞ்சம் அடைத்தது. மகள் தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்திவிட்டு, பேரப்பிள்ளையிடம் ஏதோ பேசத் தொடங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்றும் என்னிடம் விளக்கம் இல்லை. கடலிடமும் கேட்டேன், கோயிலிலும் கேட்டேன். ஒன்று மட்டும் அந்த மேசையில் தெளிந்தது. அக்கா தலையில் கூடை சுமந்து தெருத்தெருவாக நடந்தது, யாரோ ஒரு வீட்டில் அடுப்பு எரிந்து, பிள்ளைகள் ருசித்துச் சாப்பிட வேண்டும் என்றுதான். அவர் நீட்டியதை மறுப்பது அவருக்கு மரியாதை என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். அம்மா காட்டிய மரியாதை வேறு. முதல் துண்டை எடுத்து வைத்துவிட்டு, மீதியை மனமாரச் சாப்பிடுவது.

காகிதத்தில் இருந்த முட்களைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப்போய், கொல்லைப்புறத்து மேப்பிள் மரத்தின் அடியில் மண்ணைத் தோண்டிப் புதைத்தேன். அம்மா மீன் கழுவிய தண்ணீரைத் தென்னை மரத்துக்கு ஊற்றுவார். ஆறு இல்லாத இடத்தில் எனக்குத் தெரிந்தது அதுதான்.

ஆடம்ஸ் ஆற்றில் அந்த வாரம் இடப்பட்ட முட்டைகளில் பிழைத்தவை, நான்காண்டுக் கணக்கின்படி 2026 இலையுதிர்காலத்தில் திரும்ப வேண்டும். அதைப் பார்க்க நான் அங்கே இருப்பேனா என்பது என் கையில் இல்லை. உங்கள் அடுப்பில் இன்று மீன் வெந்தாலும் கீரை வெந்தாலும், பரிமாறுமுன் ஒரு சிறிய தட்டை எடுங்கள். முதல் துண்டை அதில் வையுங்கள். வாசலில் யாராவது இருப்பார்கள்.